லாரித் தண்ணீர்

அவள் சட்டசபை உறுப்பினர் ஆனதே வீடு வீடாகத் தண்ணீர் வாங்கிக் குடித்ததால்தான் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் கேலி பேசுவார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஓட்டுக் கேட்க வருகிற மற்றவர்கள் வாசலில் நின்று பல்லைக் காட்டிவிட்டு அடுத்த வாசலுக்கு நழுவியபோது, அவள் மட்டும் நேரே சமையலறைக்குப் போய், "ஒரு டம்ளர் தண்ணி குடுங்கம்மா" என்று கேட்பாள். கலங்கலோ, உப்போ, துருவோ, முகம் சுளிக்காமல் முழுதாகக் குடித்துவிட்டு, "இதையா பிள்ளைங்களுக்குக் குடுக்கறீங்க?" என்பாள். அந்த ஒரு கேள்விக்கு விழுந்த ஓட்டு ஊர் ஊராக மேடை போட்டுப் பேசியவர்களுக்கு விழவில்லை. முதல் தேர்தலில் அவளுக்கு உண்மையிலேயே தாகம் இருந்தது. இரண்டாவது தேர்தலுக்குள் தாகம் இல்லாமலே குடிக்கப் பழகியிருந்தாள். போகிற வீடுகளிலும் வருடத்துக்கு வருடம் தண்ணீர் தேவலையாகிக்கொண்டு வந்தது. தன் தொகுதி முன்னேறுகிறது என்று அவள் மனதார நம்பினாள்.

அவளுக்கு முன்னால் ஓடுகிறவன் ஒருவன் இருந்தான், அவளுடைய சித்தி மகன். தொகுதியில் அவன் பெயர் யாருக்கும் தெரியாது, 'ஏற்பாடு' என்றால்தான் தெரியும். அக்கா ஒரு தெருவுக்கு வருகிறாள் என்றால் முந்தின நாளே அங்கே போய் நின்றுவிடுவான். குப்பையை அள்ளச் சொல்வான், சாக்கடைக்குப் பலகை போடச் சொல்வான், எரியாத விளக்குக்கு பல்பு மாட்டச் சொல்வான். குரைக்கிற நாயைக் கட்டிப்போடச் சொல்வான். குரைக்கிற மாதிரி பேசுகிற ஆள் யாராவது இருந்தால் அன்றைக்கென்று அந்த ஆளுக்கு வெளியூரில் ஒரு வேலை முளைக்கும். இதையெல்லாம் யாரும் அவனுக்கு உத்தரவு போட்டுச் செய்ய வைக்கவில்லை. அக்கா மேல் அவனுக்கு உயிர்.

அவள் தலையில் ஏற்றிக்கொண்ட வேலைகளிலேயே பெரியது பட்டாளத்தார் குடியிருப்பின் தண்ணீர். நகரத்தின் விளிம்பில், ராணுவம் கைவிட்டுப் போன பழைய எரிபொருள் கிடங்கை ஒட்டி, ஓய்வுபெற்ற வீரர்களுக்கென்று அரசாங்கம் வீடு கட்டிக் கொடுத்திருந்தது. நாட்டுக்கு உழைத்தவர்களுக்கு நன்றிக்கடன் என்று கல்லில் செதுக்கி வைத்தார்கள். மண்ணுக்கு அடியில் என்ன ஊறிக்கிடக்கிறது என்று எந்தக் கல்லிலும் செதுக்கவில்லை. அங்கே போட்ட ஆழ்துளைக் கிணற்றில் இருந்துதான் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறியது. காலையில் குழாயைத் திறந்தால் மண்ணெண்ணெய் வாடை குப்பென்று அடிக்கும். வாளியில் பிடித்து வைத்தால் மேலே வானவில் மாதிரி ஒரு படலம் மிதக்கும். குண்டடி பட்டும் சாகாமல் வந்தவர்கள் சிறுநீரகம் கெட்டு ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அந்தக் குடியிருப்பில்தான் அவளுடைய அண்ணனும் இருந்தார். பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். அவர் பதினெட்டு வயதில் பட்டாளத்துக்குப் போனதால்தான் அவள் கல்லூரிக்குப் போனாள். ஐம்பது வயதுத் தங்கையை இன்னும் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார். அவருக்கும் கால் வீங்கத் தொடங்கியபோது அவள் சபையில் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். கேள்வி மேல் கேள்வி கேட்டாள். 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதிலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனது. கடைசியில் அமைச்சர் வாயிலிருந்து ஒரு வாக்குறுதியைப் பிடுங்கிவிட்டாள். சோதனையில் தண்ணீர் கெட்டது என்று நிரூபணமானால், ஆற்றுக் குடிநீர் குழாய் அங்கே வரும். நோய்ப்பட்ட வீரர்கள் எல்லோருக்கும் அரசாங்கச் செலவில் கடைசிவரை வைத்தியம். எல்லாமே ஒரு சோதனையில் தொங்கியது.

மாதிரியை எங்கே எடுப்பது என்பதிலும் பெரிய சண்டை நடந்தது. கிணற்று வாயிலேயே எடுத்துக்கொள்கிறோம் என்றது குடிநீர்த் துறை. அவளுக்கு அந்தத் துறைமேல் நம்பிக்கை கிடையாது. முன்பு ஒருமுறை வேறு தெருத் தண்ணீரை எடுத்துப்போய் ஊரை ஏமாற்றியவர்கள் அவர்கள். சபையில் எழுந்து, "மக்கள் குடிப்பது கிணற்றிலா, குழாயிலா? குடிக்கிற இடத்தில் எடுங்கள், என் கண்ணெதிரில் எடுங்கள்" என்று முழங்கினாள். மேசைகள் தட்டப்பட்டன. துறை பணிந்தது. அண்ணன் வீட்டுச் சமையலறைக் குழாயில், உறுப்பினர் முன்னிலையில் எடுப்பது என்று முடிவானது. அதுவரைக்கும் யாரும் குழாய்த் தண்ணீரை வாயில் வைக்கக்கூடாது, கேன் தண்ணீர்தான் குடிக்க வேண்டும் என்று குடியிருப்புக்கு அவள் கட்டளை போட்டாள். பென்ஷனில் பாதி கேனுக்கே போகிறது என்று அவர்கள் முணுமுணுத்தார்கள், ஆனாலும் கேட்டார்கள். கட்டளைக்குப் பணிந்து பழகிய ஆட்கள்.

மாதிரி எடுக்கிற நாளன்று அந்தச் சின்னச் சமையலறையில் கால் வைக்க இடமில்லை. ஆய்வகத்துப் பெண் கையுறை மாட்டிக்கொண்டு பாட்டில்களை வரிசையாக வைத்திருந்தாள். துறை அதிகாரி சுவரோடு ஒட்டி நின்றார். கேமராக்காரர் ஒருவர் அடுப்புத் திட்டின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். அண்ணி ஓரமாக நின்று, தன் சமையலறை நாலு பேர் பார்க்கிற மாதிரி இருக்கிறதா என்று மூலை மூலையாகக் கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"மேடம், நீங்க எப்பவும் போல ஒரு டம்ளர் குடிச்சீங்கன்னா நல்லா இருக்கும்" என்றார் கேமராக்காரர்.

"இதைப் போய்க் குடிக்கச் சொல்றீங்களே, நல்ல மனுஷன் நீங்க" என்று அண்ணன் கூடத்திலிருந்து குரல் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் டம்ளரில் பிடித்துக் குடித்தாள். நாக்கைத் தயாராக வைத்துக்கொண்டுதான் குடித்தாள். வாடை இல்லை. படலம் இல்லை. தண்ணீர் இனித்தது.

நிமிர்ந்து பார்த்தாள். கதவருகே ஏற்பாடு நின்றுகொண்டிருந்தான். பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளையின் முகம். அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இந்த வீடு மட்டுமா? இத்தனை வருடம், இத்தனை சமையலறை, இத்தனை டம்ளர்.

"என்னமோ இன்னைக்கு வாசமே காணோம்" என்று அண்ணி அவள் காதோடு சொன்னாள். "நேத்துக் காலைல கூட மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பாத்திரம் கழுவினேன்."

ஆய்வகத்துப் பெண் பாட்டில்களை நிரப்பி, மூடி, அரக்கு வைத்துவிட்டாள். 'என் முன்னிலையில் எடுக்கப்பட்டது' என்று அச்சடித்த தாளை நீட்டினாள். அவள் வாயைத் திறந்தாள். கேமரா அவள் முகத்துக்கு நேரே இருந்தது. இப்போது என்ன சொல்வது? என் தம்பி தொட்டித் தண்ணீரை மாற்றிவிட்டான் என்றா? அப்புறம் போனில் பேசிச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று தோன்றியது. அரசியலில் இருப்பவர்களுக்கு எல்லாவற்றையும் அப்புறம் போனில் சரிக்கட்டிவிடலாம் என்று ஒரு நினைப்பு உண்டு. கையெழுத்துப் போட்டாள்.

வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தியதும் கேட்டாள். "தொட்டில லாரித் தண்ணி விட்டியா?"

பாராட்டப்போகிறாள் என்று நினைத்து அவன் முகம் மலர்ந்தது. "நேத்து சாயங்காலமே விட்டாச்சுக்கா. பழைய தண்ணியைப் பூரா திறந்துவிட்டு, தொட்டியைக் கழுவி, ரெண்டு லாரி. மோட்டாரையும் போடக்கூடாதுன்னு சொல்லிட்டேன், காலைல கிணத்துத் தண்ணி வந்து கலந்துட்டா?"

"ஏன்டா இப்படிப் பண்ணினே?"

"நீ குடிப்பியேக்கா."

அவளுக்கு அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, அழ வேண்டும் போலவும் இருந்தது. "சோதனைக்கு எடுக்கறாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

"அது கிணத்துலதானே எடுப்பாங்க? சபைல முடிவானதை எனக்கு யாரும் சொல்லலியே. சமையக்கட்டுக் குழாயில வந்து எடுப்பாங்கன்னு நான் கண்டேனா? எந்த ஊர்லக்கா அப்படி எடுக்கறாங்க?"

எந்த ஊரிலும் இல்லை. அவள் ஒருத்தி முழங்கியதால் இந்த ஊரில் எடுத்தார்கள். "எல்லா வீட்லயும் இப்படித்தானா? எப்பலேருந்து?"

"மொத தடவை ஜெயிச்ச வருஷம் கண்ட தண்ணியக் குடிச்சு ஆஸ்பத்திரில கெடந்தியே, பொழைப்பியான்னு பெரியப்பா வாசல்ல உக்காந்து அழுதாரே. அன்னைலேருந்துதான்." அவன் குரல் இறங்கிவிட்டது. ஏதோ தப்பாகிவிட்டது என்று அவனுக்குப் புரிய ஆரம்பித்திருந்தது. "தப்பாக்கா?"

"வண்டியைத் திருப்பு" என்றாள். ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். கண்ணாடியில் குடியிருப்பு வாசல் தெரிந்தது, கேமராக்காரர்கள் இன்னும் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். துறை அதிகாரி யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். "வேண்டாம், போங்க" என்றாள். ஓட்டுநர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் அவருக்குச் சம்பளம்.

மறுநாள் அதிகாரிக்குப் போன் போட்டாள். சாம்பிளை இன்னொரு தடவை எடுக்கலாமே என்று பட்டும் படாமலும் பேச்சை எடுத்தாள். அந்த மனிதர் தேனாகப் பேசினார். "தாராளமா எடுக்கலாம் மேடம். மொதல்ல எடுத்தது ஏன் செல்லாதுன்னு ஒரே ஒரு காரணம் எழுதிக் குடுங்க, போதும். நீங்களே பக்கத்துல நின்னு எடுத்தது, அதனால கேக்கறேன்." அவள் போனை வைத்துவிட்டாள்.

அறிக்கை வந்தது. அனைத்து அளவுகளும் வரம்புக்குள். குடிப்பதற்கு மிகவும் உகந்தது. இருக்காதா பின்னே, நகரத்திலேயே நல்ல தண்ணீர் விற்கிறவனிடம் சொல்லி வைத்து வாங்கியவன் ஏற்பாடு.

அமைச்சர் அதைச் சபையில் வாசிக்க இருந்த நாளன்று காலை சபையின் சிற்றுண்டிச்சாலையில் கட்சிக் கொறடாவைத் தேடிப் போய்ப் பிடித்தாள். சபையில் யார் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று கட்சிக்காரர்களுக்கு லகான் பிடிக்கிறவர் அவர். வயதானவர், கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவள் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவர் ரொட்டியைத் தேநீரில் தோய்த்துத் தின்றபடியே முழுதும் கேட்டார்.

"நீ தப்புப் பண்ணலைன்னு எனக்குத் தெரியும்மா" என்றார். "ஆனா கேக்கறவன் காதுல என்ன விழும்? சாம்பிள் எடுக்கறதுக்கு மொத நாள் உறுப்பினரோட ஆள் தொட்டியைக் கழுவினான். அவ்வளவுதான் விழும். உன் தம்பி உள்ள போவான். உன் பேர் நாறும். தேர்தல் வேற வருது."

"பேர் போனாப் போகட்டும்ணே. அந்த ஜனங்களுக்குக் குழாய் வந்தாப் போதும்."

"எங்கேருந்து வரும்? உறுப்பினரே கலப்படம் பண்ணினாங்க, புகாரே நாடகம்னு ஃபைலை மூடி வச்சிருவான். அதுக்கப்புறம் பத்து வருஷத்துக்கு எவனும் அந்தப் பக்கம் திரும்பமாட்டான்." அவர் துணியில் வாயைத் துடைத்துக்கொண்டார். "பேசாம இரு. தேர்தல் முடியட்டும், வேற வழியில பாப்போம்."

"என் அண்ணன் அங்க இருக்காருண்ணே."

"கூட்டிட்டு வந்து உன் வீட்ல வச்சுக்கோயேன். எவன் வேணாங்கறான்?"

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. அந்தப் பாதியை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். முழு அநியாயம் என்றால் மனிதர்கள் பெரும்பாலும் எதிர்த்து நின்றுவிடுவார்கள், பாதி நியாயம்தான் ஆளைக் கவிழ்க்கிறது.

மதியம் அமைச்சர் சபையில் அறிக்கையை வாசித்தார். "மாண்புமிகு உறுப்பினர் தாமே முன்னின்று நடத்திய சோதனையில், நம் முன்னாள் வீரர்கள் குடிப்பது தூய்மையான நீர் என்பது ஐயத்திற்கு இடமின்றி உறுதியாகியிருக்கிறது. வீரர்களின் மனக்கவலையைத் தீர்த்துவைத்த உறுப்பினரை இந்த அவை பாராட்டுகிறது." மேசைகள் அதிர்ந்தன. எதிர்க்கட்சி வரிசையிலும் ஒன்றிரண்டு பேர் தட்டினார்கள். உறுப்பினர் ஏதேனும் சொல்ல விரும்புகிறாரா என்று சபாநாயகர் கேட்டார்.

அவள் எழுந்தாள். சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தாள், அதை மட்டும் அவளுக்காகச் சொல்லியாக வேண்டும். 'ஒரு விளக்கம்' என்ற சொல் தொண்டைக்குழி வரைக்கும் வந்தது. இரண்டு வரிசை தள்ளி கொறடா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், அவள் பக்கம் பார்க்கவே இல்லை.

"நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு குடியிருப்புப் பக்கம் அவள் தலைகாட்டவில்லை. குழுக்கூட்டம், திறப்பு விழா, தொண்டை கட்டிக்கொண்டது என்று நாளைக் கடத்தினாள். ஏற்பாடு மட்டும் போய்வந்தான். தொட்டிக் காலில் பெரிய பலகை மாட்டியிருக்கிறார்கள், பாதுகாப்பான குடிநீர் என்று எழுதி அக்கா படம் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னான். சொல்லும்போது அவன் முகத்தில் பழைய மலர்ச்சி இல்லை. பிறகு ஒருநாள் அண்ணி கூப்பிட்டாள். "உன் அண்ணனுக்குக் கால் வீக்கம் வடியவே மாட்டேங்குது. நீ வந்து எவ்வளவு நாளாச்சு? ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்." அதற்கு மேல் தட்டிக்கழிக்க முடியவில்லை.

அண்ணன் கூடத்தில் காலை ஒரு முக்காலி மேல் நீட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தார். கணுக்கால் இருந்த இடமே தெரியவில்லை. "வாடா பாப்பா, பெரிய மனுஷி ஆயிட்டே, கண்ணுலயே படமாட்டேங்கறே" என்று சிரித்தார். அண்ணி தேநீர் போட உள்ளே போனாள். குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது. அந்த வாடை கூடம் வரைக்கும் வந்தது.

அவள் எழுந்து சமையலறைக்கு ஓடினாள். தேநீர்க் கெண்டியில் குழாய்த் தண்ணீர் பாதிக்கு ஏறியிருந்தது.

"கேன் எங்க அண்ணி?"

"அதை நிறுத்தி எவ்வளவோ நாளாச்சே. நீயே நின்னு சோதிச்சு, கையெழுத்துப் போட்டு, நல்ல தண்ணின்னு சொன்னதுக்கப்புறம் எதுக்குக் காசைக் கரியாக்கணும்?"

"வாசம் வருதே."

"குழாய் பழசு, அந்த வாசம்தான்னு சொன்னாங்க. பழகிப்போச்சு. இங்க யாரும் இப்ப கேன் வாங்கறதில்ல. பக்கத்து வீட்டு ரேடியோக்காரர் பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கா, அவ கூட மொதல்ல யோசிச்சா. நான்தான் சொன்னேன், என் நாத்தனார் கையெழுத்து, பயப்படாமக் குடின்னு."

அவள் அண்ணியின் கையிலிருந்து கெண்டியை வாங்கிக் கவிழ்த்தாள். அண்ணியைக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு வந்து, வாசல் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். லாரி, தொட்டி, கையெழுத்து, சிற்றுண்டிச்சாலை, நன்றி, எல்லாவற்றையும். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். அண்ணன் காலை முக்காலியிலிருந்து எடுத்துக் கீழே வைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்.

முதலில் வாய் திறந்தவள் அண்ணிதான். "அப்ப இதைக் குடிக்கக் கூடாதா?"

"ஒரு சொட்டுக் கூடக் குடிக்காதீங்க. நாளைலேருந்து கேன் நான் அனுப்பறேன்."

"எங்களுக்கு மட்டும் சொல்றியா, இல்ல பக்கத்து வீட்டுக்கும் நான் சொல்லலாமா?"

அவள் சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள். அண்ணி விடவில்லை. "மாசமா இருக்கற பொண்ணு. நான் சொல்லித்தான் குடிக்கறா. கேக்கறேன், சொல்லு."

"இப்போதைக்கு நம்மளோட இருக்கட்டும் அண்ணி. தேர்தல் முடிஞ்சதும் நானே ஏதாவது வழி..."

அண்ணன் தொண்டையைச் செருமினார். "நாங்க மலைமேல இருந்தப்ப ஒரு தடவை தண்ணித் தொட்டில என்னமோ செத்துக் கெடந்துச்சு. அது எங்க அதிகாரிக்கு மட்டும் தெரியும். மேலிடத்துக்குச் சொன்னா அவனுக்குக் கெட்ட பேர். அதனால அவன் மட்டும் குடிக்கல. எங்க யார்கிட்டயும் சொல்லல. நல்லவன்தான், எங்களோட சீட்டெல்லாம் ஆடுவான்." கொஞ்சம் நிறுத்தினார். "எங்கள்ல நாலு பேரைப் புதைச்சோம். அவன் முகம் எனக்கு இன்னும் மறக்கல பாப்பா."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அண்ணி தாங்கப் போனாள், கையைத் தட்டிவிட்டார். கதவைத் திறந்து, வீங்கிய காலை இழுத்து இழுத்து வாசலுக்குப் போனார். பக்கத்து வீட்டு முற்றத்தில் ரேடியோக்காரர் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். பட்டாளத்தில் கம்பியில்லாத் தந்தி வேலை பார்த்தவர், அதனால் அந்தப் பெயர்.

"அந்தத் தண்ணியைக் குடிக்காதீங்கய்யா" என்றார் அண்ணன். மூச்சு வாங்கியது. "பொண்ணுகிட்டச் சொல்லுங்க. எல்லாருக்கும் சொல்லுங்க. சோதிச்சது நம்ம தண்ணியே இல்ல, லாரித் தண்ணி."

ரேடியோக்காரர் பம்பை விட்டுவிட்டு வேலியோரம் வந்தார். அவர் மகள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். எதிர்வீட்டு ஜன்னலிலும் ஒரு தலை தெரிந்தது. வண்டியோரம் நின்றிருந்த ஏற்பாட்டின் முகம் வெளிறிப்போனது.

"யார் சொன்னது?" என்றார் ரேடியோக்காரர்.

அண்ணன் திரும்பித் தங்கையைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. சின்ன வயதில், பள்ளிக்கூட மேடையில் பாட்டு மறந்துபோய் அவள் விழித்தபோது, கீழே உட்கார்ந்து முதல் வரிக்கு வாயசைத்துக் காட்டினாரே, அந்தப் பார்வைதான். சொல்லு பாப்பா, நான் இருக்கிறேன் என்கிற பார்வை.

"என்னம்மா, அண்ணன் என்னமோ சொல்றாரே?" ரேடியோக்காரர் இப்போது அவளைக் கேட்டார். "உண்மையா?"

அவள் வாசலுக்கு இறங்கி வந்தாள். அண்ணனின் தோளில் கை வைத்தாள். மேடையில் வருகிற அதே குரல் அவளுக்கு வந்தது, எந்தச் சிரமமும் இல்லாமல் வந்தது.

"அண்ணனுக்கு உடம்பு சரியில்லைங்கய்யா. சிறுநீரகம் கெட்டா மூளைக்கும் கொஞ்சம் ஏறுமாம், டாக்டர் சொன்னாரு. மருந்து வேற ஜாஸ்தி. ரெண்டு நாளா என்னென்னமோ பேசறாரு. நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க."

அண்ணன் தன் தோளில் இருந்த கையை மெல்ல எடுத்து, அவளிடமே திருப்பிக் கொடுக்கிற மாதிரி விட்டார். அண்ணி வந்து அவரை உள்ளே அழைத்துப் போனாள். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் போடுகிற சத்தமும் கேட்டது.

"அதானே பார்த்தேன்" என்றார் ரேடியோக்காரர். அவர் முகத்தில் அண்ணனுக்காக உண்மையான வருத்தம் இருந்தது. "தங்கமான மனுஷன். நாங்க பார்த்துக்கறோம், நீங்க கவலைப்படாமப் போய்ட்டு வாங்கம்மா."

அவள் வண்டியில் ஏறினாள். ஏற்பாடு முன்னால் உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமல், அடுத்து எங்கே போக வேண்டும் என்று ஓட்டுநரிடம் சொன்னான். ரேடியோக்காரர் வாசற்படிப் பக்கம் திரும்பி, "ஒண்ணும் இல்லையாம்மா, நல்ல தண்ணிதானாம், நீ குடி" என்று மகளிடம் சொன்னது வண்டி கிளம்புகிற சத்தத்திலும் அவளுக்கு நன்றாகக் கேட்டது.